செக்‌ஷன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

அக்கா,

ஒரு தகரக் குழாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சியும் மெழுகும் உலர்ந்த கறுப்பு மையும் கலந்த வாசனை அறை முழுவதும் பரவியிருக்கிறது. வரைபடங்களை நகலெடுக்கும் ட்ரேசிங் துணியின் வாசனை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வேலை முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் புடவையோடு சேர்ந்து வரும் வாசனை. சுரங்கத்தை மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நீ போயும் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. வாசனைக்கு மட்டும் இந்தச் செய்திகள் எட்டவில்லை போலும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் எஸ்தர் இதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா பீரோ மேல இருந்துச்சு மாமா. உங்க வீட்டு ப்ளான் போல இருக்குது," என்றாள் உன் மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று.

உங்க வீடு. அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். பத்திரப்படி ஆண்டர்சன்பேட்டையில் உள்ள அப்பாவின் வீடு என்னுடையதுதான். அந்தப் பத்திரத்தை எழுதியவனே நான் என்பதால், அவள் சொன்னதில் பிழை காண எனக்கு வழியில்லை.

குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் கிடக்கிறது. அதை உனக்கு நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் எனக்கு வரும் கேள்வித்தாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை ஒவ்வொரு நாடும் எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறது என்று அளந்து, நாடுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள் அல்லவா, அதற்கான கேள்விகள். பெங்களூரில் ஓர் ஆய்வு அலுவலகம் நம் நாட்டுக்குரிய விடைகளைத் திரட்டுகிறது. சட்டம் பற்றிய பகுதியைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது என் பணி. முதன்முதலில் இதை உன்னிடம் விளக்கிச் சொன்ன காலைப்பொழுது நினைவிருக்கிறதா?

"அப்போ நாடுங்களுக்கே பரீச்சை வெக்கறாங்களா? நம்ம நாட்டுக்கு நீதான் எழுதறியா வக்கீலு? வெளங்கிடும்!"

ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

அந்த விடியற்கால ரயில்தான் நம் இருவருக்கும் மிஞ்சிய வீடு என்று இப்போது தோன்றுகிறது. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் உனக்கு வேலை கிடைத்தது. நீ மாரிகுப்பத்தில் ஏறி, ஜன்னலோரத்தில் எனக்காகக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பாய். வக்கீல் வேலைக்குப் போகும் நான் அடுத்த நிலையமான சாம்பியனில் ஏறுவேன். ஊர்காம், கோரமண்டல் என்று நிலையங்கள் பாதித் தூக்கத்தில் கடந்து போகும். வெளியே பனிமூட்டத்தில், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகள், தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்ட மேகங்களைப்போல வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் நீ பேசுவதெல்லாம் கொஞ்சம் கனவிலிருந்து வருவதுபோலவே இருக்கும். எனக்குப் பதில் சொல்லத் தோன்றாது. பல நாட்கள் கழித்துத் தோன்றும். சில பதில்கள் இப்போதுதான் தோன்றுகின்றன.

செக்‌ஷன் என்ற சொல்லில் நாம் இடறிய கதையை நீ அடிக்கடி சொல்வாய். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிது. "எந்தக் கேள்வியா இருந்தாலும் செக்‌ஷன் பாத்துத்தான் பதில் சொல்லணும் அக்கா," என்று சமையலறை வாசலில் நின்று பெருமையடித்தேன். நீ தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "எங்க ஆபீஸ்லயும் அதேதான்டா சொல்றாங்க," என்றாய். அதைக் கேட்ட அப்பா, நாம் இருவரும் ஒரே தொழிலுக்குப் போவதாகவே முடிவு செய்துவிட்டார். சுரங்கத்தில் மரத் தூண்களை முட்டுக் கொடுக்கும் வேலையிலேயே காலம் கழித்தவர். சர்ச் வாசலில் எல்லாரிடமும், "பொண்ணு, புள்ள ரெண்டுமே செக்‌ஷன் பாக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு செக்‌ஷன் என்றால் சட்டத்தின் பிரிவு. ஓர் எண், அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம். உனக்கோ பூமியை மேலிருந்து கீழாக அறுத்து, உள்ளே இருப்பதைக் காட்டுகிற வரைபடம். நீ ஒருமுறை என் சட்டப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் போட்டுக் காட்டினாய்.

"ப்ளான்னா மேல இருந்து பாக்கறது. அதுல இந்த இடமும் அந்த இடமும் பக்கத்து பக்கத்துல இருக்கும். செக்‌ஷன் போட்டுப் பாரு. ஒண்ணு மூணாவது லெவல்ல இருக்கும், இன்னொண்ணு எங்கியோ பாதாளத்துல கெடக்கும். உன் செக்‌ஷன்ல நம்பர்தான்டா இருக்குது. எங்க செக்‌ஷன்ல ஆழம் இருக்குது."

அந்த ஆழத்தை நீ ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பூமிக்குள் அடுக்கடுக்காகப் போகும் ஒவ்வொரு லெவலையும், அவற்றுக்கு இறங்கும் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் தலைமுடி அகலக் கோடுகளில் நகலெடுத்தவள் நீ. ஆனால் பெண்கள் நிலத்துக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது. சர்வேயர்கள் கூண்டுபோன்ற கேஜில் இறங்கி அளந்துகொண்டு வருவார்கள், நீ மேலே உட்கார்ந்து வரைவாய். பின்னாளில் அந்தத் தடையைச் சில நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். கேள்வித்தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு. அவ்வாண்டு அந்த வரியில் விடையை மாற்றி எழுதிவிட்டு, மறுநாள் ரயிலில் உன்னிடம் ஒரு நற்செய்தியைப்போலச் சொன்னேன்.

"இனிமே பொம்பளைங்களும் கீழ எறங்கலாம் அக்கா."

"எங்கடா எறங்கறது? நம்ம ஷாஃப்ட்டு பூரா தண்ணி ரொம்பி கெடக்குது." கைப்பையை மடியில் இழுத்து வைத்தாய். "போவட்டும். நாட்டுக்கு ஒரு மார்க்கு ஏறிச்சில்ல."

உன் குரலில் கசப்பு இல்லை. அதனால்தான் அந்த வாக்கியம் இன்னும் கரையாமல் இருக்கிறது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சுற்றி வளைத்ததற்கு மன்னித்துக்கொள். என் வழக்கம் அது.

எல்லா நாடுகளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் கற்பனையாக ஒரு பெண்ணை நிறுத்தியிருப்பார்கள். வயது வந்தவர், உடல்நலத்தோடு இருப்பவர், நாட்டின் பெரிய நகரம் ஒன்றில் வாழ்பவர், சட்டப்படி மணம் முடித்தவர். எந்த நாட்டைப் பற்றி விடை எழுதினாலும், இந்தப் பெண் அங்கே இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுத வேண்டும். அவளால் தன் பெயரில் தொழில் தொடங்க முடியுமா? ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் சொல்கிறதா? பெற்றோரின் சொத்தில் மகனுக்கு இணையாக மகளுக்கும் உரிமை உண்டா? ஒரு காலை நீ அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, அவளைப் பற்றிய குறிப்பை ஓர் எழுத்து விடாமல் படித்தாய். பங்காரப்பேட்டை வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தாய். பிறகு கேட்டாய்:

"இந்தப் பொண்ணுக்குத் தம்பி இருக்கானா?"

"இன்னா?"

"தம்பிடா. கூடப் பொறந்தவன். இருக்கானா இல்லியா? எழுதலியே."

"அதெல்லாம் ஃபார்ம்ல கேக்கல அக்கா."

"கேக்கலியா? சரி." தாளை மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, என்னிடம் கொடுத்தாய். "டீ வருது பாரு, ரெண்டு சொல்லு."

அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி நீ பேசவேயில்லை. நானும் அந்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, அதற்கும் அடுத்த ஆண்டு, பெற்றோர் சொத்து பற்றிய வரியில் 'ஆம்' என்று எழுதி, செக்‌ஷன் எண்ணையும் தவறாமல் குறித்தேன். சட்டப்படி அந்த விடை சரி. நம் குடும்பத்துக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டமும் மகனையும் மகளையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. அது எனக்கு எப்போது தெரியும் என்பதுதான் கேள்வி. அப்பா இறந்த அன்றே தெரியும்.

அப்பா இறந்த அடுத்த ஆண்டு, பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நாம் கூடியதை நினைத்துப் பார்க்கிறேன். "பொண்ணுக்கு கல்யாணத்துல செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. வீடு பையன் பேர்ல இருக்கட்டும். இன்னாம்மா, நீ இன்னா சொல்றே?" என்று பெரியப்பா உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. அந்தக் கூடத்தில் சட்டம் படித்தவன் நான் ஒருவன்தான். பெரியப்பா சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நான் சொல்வேனா என்று பார்த்தாய். நான் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன்.

"அவன் இன்னா சொல்றானோ அதான்," என்றாய்.

நான் பேசியிருந்தாலும் நம்மிடையே வழக்கு வந்திருக்காது, பகை வந்திருக்காது. பாதி வீடு உன் பெயரில் இருந்திருக்கும். மச்சான் இறந்த பிறகு, மைசூர் மைன்ஸ் குவார்ட்டர்சில் மழை ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, எஸ்தரையும் அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் நீ உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்காது. அப்போதும் நான், "இங்க வந்து இரு அக்கா," என்று அழைத்தேன். நீ வரவில்லை. விருந்தாளியாக அழைக்கிறேன் என்பது எனக்குத்தான் புரியவில்லை.

உன் உரிமையை விடுவிக்கும் பத்திரத்தை நானே எழுதினேன். கன்னடத்தில் அதற்கு ஹக்கு பிடுகடெ பத்ர என்று பெயர். "பிடுகடென்னா விடுதலைதானே? யாருக்குடா விடுதலை, எனக்கா உனக்கா?" என்று சிரித்தாய். சொத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை இணைக்க வேண்டும் என்றேன். "வெளியாள் கோணலா போடுவான். நானே போட்டுத் தரேன்," என்றாய். உன் பங்கை நீ விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு, நீயே, உன் கையால், அத்தனை நேர்த்தியாக ப்ளான் வரைந்தாய். பதிவு அலுவலகத்தில் அதிகாரி உன்னிடம் சொந்த விருப்பத்தில்தான் எழுதிக் கொடுக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டார். "ஹௌது சார்," என்று ஆமோதித்தாய். 'எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, இயல்பான அன்பின் காரணமாக' என்ற வாக்கியம் என்னுடையது. அதில் ஒரு சொல்லும் சட்டப்படி குறையுடையதன்று. யாரும் உன்னை வற்புறுத்தவில்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவே.

இப்போது குழாய்க்குள் இருந்ததைச் சொல்கிறேன். இரண்டு துணிகள். முதலாவது, பத்திரத்தில் இணைத்த அதே ப்ளான். முன்னறை, உள்ளறை, சமையலறை, நான்கு எல்லைகள், வடக்கைக் காட்டும் அம்புக்குறி. இரண்டாவதை நீ எனக்குக் காட்டியதே இல்லை. மூலையில் போட்டிருக்கும் தேதி, பத்திரம் பதிவுக்குப் போன நாளுக்கு முந்தின நாள்.

அது நம் வீட்டின் செக்‌ஷன்.

கூரையிலிருந்து அடித்தளம் வரை நேராக அறுத்திருக்கிறாய். ஓடுகள், விட்டம், சுவரின் கனம், தரை. தரைக்குக் கீழே மண். மண்ணுக்குக் கீழே பாறை. அதற்கும் கீழே, துணியின் அடிவிளிம்பு வரைக்கும், லெவல்கள் விட்டுவிட்டு ஓடும் கோடுகளாக மங்கிக்கொண்டே போகின்றன. சமையலறையில் ஒரு பெண் நிற்கிறாள். கட்டைவிரல் உயரம். கொண்டை போட்டிருக்கிறாள். ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. முன்னறையில் யாரும் இல்லை.

உன் ஆபீஸ் வரைபடங்களில் இப்படி நிற்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தலைக்கவசம் அணிந்த ஆண்கள். எதற்கு இந்த பொம்மை என்று கேட்டபோது நீ சொன்னது: "ஓரத்துல ஸ்கேல் எழுதினா படிச்சவங்களுக்குப் புரியும். எவ்ளோ பெரிசு, எவ்ளோ ஆழம்னு எல்லாருக்கும் தெரியணும்னா ஒரு ஆள நிக்க வெக்கணும்."

எஸ்தர் இதைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகல் உணவுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மேசைமேல் துணி விரித்தபடியே கிடந்தது. கனவில் கேஜ் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நீ இருந்தாய். உன் பக்கத்தில் கேள்வித்தாளின் அந்தக் கற்பனைப் பெண், நகரத்துக்காரி, புதுச் செருப்பில் தூசு படாமல் நின்றிருந்தாள். மணி அடிக்கும், கேஜ் நிற்கும், கதவு திறக்கும். ஒவ்வொரு லெவலும் ஒரு நாடு. சில நாடுகளில் விளக்கெரிந்தது, சில நாடுகளில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. நீ ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தாய். "மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலவே இருந்துச்சுங்க," என்றாள் அவள் உன்னிடம். நீ அவள் தோளில் கை வைத்தாய். நான் ஷாஃப்ட்டின் வாயில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி இறங்க அனுமதி உள்ளவன் நான்தான். இறங்கவில்லை.

இந்த ஆண்டு கேள்வித்தாளில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது, அக்கா. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே, அது நடைமுறையில் எவ்வளவு நிகழ்கிறது என்ற கட்டம். அவர்களும் ஒருவழியாக ப்ளானை விட்டு செக்‌ஷனுக்கு வந்துவிட்டார்கள். மற்ற வரிகளை எழுதி முடித்துவிட்டேன். பெற்றோர் சொத்து பற்றிய வரியில் பேனா நின்றுவிட்டது.

ஒரு குடும்பத்தை வைத்து ஒரு நாட்டை அளக்கக் கூடாது என்பதை அறிந்தவன் நான். ஆகவே செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போய், வாசலில் மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தரிடம் விசாரித்தேன். சகோதரிகள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரங்கள் இப்போதும் வருகின்றனவா?

"இன்னா சார் நீங்க! வாரம் பூரா அதானே. அக்கா தங்கச்சிங்க ஆதார் கார்டு எடுத்துனு வரிசையா நிப்பாங்க. அண்ணன் தம்பி எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க போட்ட ஒரு மாடலைத்தான் சார் நான் இன்னும் வெச்சினு கீறேன். அந்த 'இயல்பான அன்பின் காரணமாக'ன்னு வரும் பாருங்க, சூப்பர் வாசகம்," என்றார்.

எத்தனை அக்காமார் என் வாக்கியத்தின் கீழே கையெழுத்திட்டார்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. வெயிலில் கண் கூசியது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எஸ்தரை வரவழைத்தேன். வீட்டின் சரிபாதியை அவள் பெயருக்கு எழுதி வைக்க விரும்புவதாகச் சொல்லி, பத்திரத்தின் வரைவு நகலை அவள் முன் வைத்தேன். அவள் அதைப் படிக்கவில்லை. விரித்துக் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் நிற்கும் பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது அம்மா இருக்கச்சே செஞ்சிருக்கலாமே மாமா."

"செஞ்சிருக்கணும்."

அவள் நகலைக் கையிலெடுத்து, உன்னைப்போலவே ஓர் எழுத்து விடாமல் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"அன்பின் காரணமாகன்னு எழுதாதீங்க. அம்மாவும் அப்டித்தானே எழுதிக் குடுத்தாங்க. பங்குன்னு எழுதுங்க, கையெழுத்து போட்றேன்."

சட்டப்படி அதற்கு வழியில்லை. நீ விட்டுக்கொடுத்த அன்றே அந்தப் பங்கு அழிந்துவிட்டது. இன்று நான் கொடுப்பதைச் சட்டம் தானம் என்றுதான் அழைக்கும். அதை அவளுக்கு விளக்க வாயைத் திறந்தேன். செம்பைப் பார்த்த அந்தக் கூடம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு நகலைத் திரும்ப வாங்கினேன்.

இரண்டு நாட்களாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தானம் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னே, சொத்தின் வரலாற்றைச் சொல்லும் பத்தியில், என் மூத்த சகோதரிக்கு இவ்வீட்டில் சட்டப்படி சரிபாதிப் பங்கு இருந்தது என்றும், அது எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வாசகத்தை எந்த மாடலிலும் நான் பார்த்ததில்லை. அன்பு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இணைப்பாக உன் ப்ளானின் நகலை வைத்திருக்கிறேன். செக்‌ஷனை இணைக்க விதியில் இடமில்லை. அது என் மேசைக்கு எதிரே, சுவரில் இருக்கிறது.

எஸ்தர் நேற்று அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, "திங்கக்கெழம வரேன் மாமா," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கேள்வித்தாளிலும் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். சட்டத்துக்கு 'ஆம்'. நடைமுறைக்கு 'பெரும்பாலும் இல்லை'. நாட்டுக்கு ஒரு மார்க்கு குறையும். உனக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நாளை மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் சாம்பியனில் ஏறித் தாளை ஆய்வு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பிற்பகல் எஸ்தரோடு பதிவுக்குப் போக வேண்டும். ஜன்னலோரத்தில் யாரும் எனக்குக் கைப்பை வைத்திருக்க மாட்டார்கள். மேடுகள் பனிக்குள் வெளுத்துக் கிடக்கும். பங்காரப்பேட்டை வரும்வரை, நீ அன்று மடித்துக் கொடுத்த தாளையும் அதில் நீ நகத்தால் நீவிய மடிப்பையும் நினைத்துக்கொண்டிருப்பேன். நீ கேட்ட கேள்விக்கு அந்தப் படிவத்தில் இன்னமும் இடம் ஒதுக்கவில்லை. ஆகவே விடையை இங்கே எழுதுகிறேன்.

இருக்கிறான், அக்கா. அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.